கம்மாலைக்குப் பிளை பிரஸ்: நம்பரைக் கேட்காமல் அளவுநாடாவோடு போங்கள்

பிளை பிரஸ் என்பது கையால் சுற்றி, திருகின் வலுவில் இரும்பை அடிக்கவும் துளைக்கவும் வளைக்கவும் உதவும் இயந்திரம். அதை வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது, “எத்தினையாம் நம்பர் எடுக்கலாம்?” என்று. அந்த நம்பரை நம்பிக் காசைக் கொடுக்காதீர்கள். இங்கிலாந்தில் வார்த்த நோர்ட்டன், டென்பி போன்ற பழைய பிரஸ்களிலும், பஞ்சாபின் பட்டாலா, லூதியானாப் பக்கத்திலிருந்து வருபவற்றிலும் ஒரே நம்பர் இருக்கலாம். ஆனால் திருகின் தடிப்பும் உடலின் கனமும் வாயின் உயரமும் ஒன்றாக இருக்காது. ஒரே தயாரிப்பாளருக்குள் நம்பர் கூடினால் பிரஸ் பெரிது. அதற்கு மேல் நம்பரில் எதுவும் இல்லை. அளவுநாடா, மூலைமட்டம், வேர்னியர் (துல்லியமாக அளக்கும் கருவி), ஒரு கடப்பாரை, ஒரு போத்தல் மண்ணெண்ணெய், ஒரு கட்டி வெண்கட்டி, கொஞ்சம் எண்ணெய், இவை போதும்.

பெயர்களை முதலில் பேசிக்கொள்வோம். மேலே குறுக்காக நிற்பது கை. அதன் முனைகளில் பூட்டியிருப்பவை குண்டுகள். கை சுற்றும்போது கூடவே சுற்றுவது திருகு. திருகின் அடியில் மேலும் கீழும் போய்வருவது இறங்குகட்டை. மேல் அச்சு அதில் பூட்டப்படும். கீழ் அச்சு உட்காரும் பகுதி மேசை. இவற்றையெல்லாம் தாங்கி நிற்கும் வளைந்த வார்ப்பிரும்பு, உடல். இறங்குகட்டைக்கும் மேசைக்கும் இடையில் உள்ள வெளி, வாய்.

இது எப்படி அடிக்கிறது

கையை அரைச் சுற்றோ முக்கால் சுற்றோ இழுத்து விடுகிறீர்கள். உங்கள் தோள் கொடுத்த சக்தி சுழலும் குண்டுகளில் சேர்கிறது. அச்சு இரும்பைத் தொட்டதும் அந்தச் சக்தி முழுவதும் அந்தச் சிறு இடத்தில் இறங்குகிறது. ஒவ்வொன்றும் 15 கிலோ உள்ள இரண்டு குண்டுகள், திருகின் நடுவிலிருந்து 45 சென்றிமீற்றர் தள்ளி, செக்கனுக்கு ஒரு சுற்று என்ற வேகத்தில் சுற்றினால் அவற்றில் உள்ள சக்தி ஏறத்தாழ 120 ஜூல். நாலு கிலோச் சம்மட்டியை நன்றாக ஓங்கி அடித்தாலும் கிட்டத்தட்ட இவ்வளவுதான் வரும். ஆனால் சம்மட்டி அடிக்க இன்னொரு ஆள் வேண்டும், அடி கொஞ்சம் சரிந்தும் விழும். பிரஸ்ஸில் தனி ஆள் ஒரு கையால் குறட்டைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் நேர்குத்தாக இறக்கலாம். மின்சாரமும் தேவையில்லை.

அந்த 120 ஜூலும் சூடான இரும்புக்குள் 6 மி.மீ. இறங்கிச் செலவானால் சராசரி விசை 2 தொன். குளிர்ந்த தகட்டில் 1 மி.மீ.க்குள் நின்றுவிட்டால் 12 தொன். திருகின் உராய்வில் ஒரு பங்கு போகும், அதைக் கழித்துக்கொள்ளுங்கள். “இது எத்தனை தொன் பிரஸ்?” என்று கேட்டால் நேரான பதில் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று சொல்லாமல் தொன் கணக்குச் சொல்ல முடியாது. மேல் அச்சும் கீழ் அச்சும் இடையில் இரும்பில்லாமல் நேருக்கு நேர் முட்டினால் நிற்கும் தூரம் பூச்சியத்தை நெருங்கும், விசை உடல் தாங்கும் அளவைக் கடந்துவிடும். வார்ப்பிரும்பு உடல் வெடிப்பது பெரும்பாலும் இப்படித்தான்.

குண்டு சக்தியைச் சேர்த்து வைக்கும், உண்டாக்காது. எடையை இரட்டித்தால் அதே வேகத்தில் சக்தி இரண்டு மடங்கு. வேகத்தை இரட்டித்தால் நாலு மடங்கு. அதனால் உங்கள் தோளால் வேகமாகச் சுற்ற முடியாத பெரிய குண்டு, வேகமாகச் சுற்றக்கூடிய நடுத்தரக் குண்டை விடக் குறைவாகவே அடிக்கும். தனி ஆளாக வேலை செய்பவர் இதை வாங்க முன்னரே யோசிக்க வேண்டும், வாங்கிய பிறகு அல்ல.

முதல் வேலை: செய்யப்போவதை எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு கடதாசியில், வருடம் முழுவதும் உங்கள் கம்மாலைக்கு வரும் வேலைகளை எழுதுங்கள். பெரும்போக விதைப்புக்கு முன் வரும் மண்வெட்டி, கோடரி, அலவாங்கு. அறுவடைக்கு முன் தாக்கத்தி. வருடம் முழுக்கக் கத்தி. வாவிக்கரைக்காரருக்குத் தோணி நங்கூரம், கொக்கி. கேட், யன்னல் கிராதிக்கு வளைவும் இலையும். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விடயம் குறியுங்கள்: இரும்பு எவ்வளவு தடிப்பு, சூட்டிலா குளிரிலா, அச்சு எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும்.

குளிர்ந்த மெல்லிரும்பில் துளை இடுவதானால் கைக்கணக்கு ஒன்று உண்டு. துளையின் விட்டத்தையும் தகட்டின் தடிப்பையும் மி.மீ.இல் எடுத்துப் பெருக்கி, அதை 0.11 ஆல் பெருக்கினால் தேவைப்படும் விசை தொன்னில் வரும். 3 மி.மீ. தகட்டில் 10 மி.மீ. துளைக்கு 3.3 தொன். அதற்கு வேண்டிய சக்தி சுமார் 50 ஜூல். சிறிய பிரஸ்ஸே ஒரே இழுப்பில் போட்டுவிடும். அதே துளை 6 மி.மீ. தகட்டில் என்றால் விசை இரட்டிக்கும், இறங்கும் தூரமும் இரட்டிக்கும், ஆகவே சக்தி நாலு மடங்கு, சுமார் 200 ஜூல். இந்த இடத்தில்தான் சிறிய பிரஸ் திணறும். தடிப்பு கொஞ்சம் கூடினாலும் பிரஸ் ஒரு படி பெரிதாக வேண்டியிருப்பதற்குக் காரணம் இதுவே.

லொறி ஸ்பிரிங் பட்டையைக் குளிரில் துளைக்க நினைக்காதீர்கள். துளை உளி நொறுங்கும், துண்டு கண்ணுக்கு வரும். செம்மஞ்சள் நிறம் வரக் காய்ச்சினால் இரும்பின் எதிர்ப்பு குளிரில் உள்ளதில் ஐந்தில் ஒன்றுக்கும் கீழே போய்விடும். ஆனால் சூட்டு வேலையில் அச்சு 20, 30 மி.மீ. இறங்க வேண்டும். எனவே சூட்டு வேலைக்குப் பிரஸ் பார்க்கும்போது விசையை விட நீண்ட இறக்கத்தையும் உயரமான வாயையும் பாருங்கள். தகரக் கடைக்கு ஏற்ற பிரஸ் கம்மாலைக்கு ஏற்காமல் போவது இதனால்தான்.

திருகின் விட்டம்

கடையில் முதலில் அளக்க வேண்டியது திருகின் வெளி விட்டம். பிரஸ்ஸின் உண்மையான அளவு அதுதான். மற்ற எல்லாப் பாகமும் அதைப் பார்த்தே வார்க்கப்படுகிறது.

38 முதல் 45 மி.மீ. வரை என்றால் அது தகட்டு வேலைக்கானது. முத்திரை குத்துவது, கேட் இலைக்கு நரம்பு போடுவது, 3 மி.மீ. பட்டை வளைப்பது எல்லாம் அழகாக நடக்கும். கோடரிக் கண், அதாவது பிடி நுழையும் துளை, நடக்காது. 50 முதல் 57 வரை நடுத்தரம். 12 முதல் 16 மி.மீ. கம்பியைச் சூட்டில் தட்டையாக்க, துளைக்க, கத்தி வாலுக்குத் தோள் எடுக்க, தாக்கத்தியின் வளைவை அச்சில் சரிபார்க்க இது போதும். கோடரிக் கண் ஒவ்வொன்றும் இரண்டு மூன்று சூட்டில் வரும், பொறுமை வேண்டும். 63 முதல் 75 வரை உள்ளது கண் போடும் பிரஸ். 25 மி.மீ. சதுரக் கம்பியில் கண் போடலாம், அலவாங்கு நுனியை இழுக்கலாம்.

தனி ஆளாக, கத்தியும் கேட் வேலையும் முக்கியமாகச் செய்பவருக்கு 57 மி.மீ. அளவில் உள்ளதைச் சொல்வோம். கோடரி, நங்கூரம், அலவாங்கு என்று தடித்த வேலை பாதிக்கு மேல் இருந்தால் 63க்குக் கீழே இறங்க வேண்டாம். 75க்கு மேல் போவது, நாள் முழுக்கக் கை இழுக்க இன்னொருவர் கூட இருக்கும் கம்மாலைக்கு மட்டும். பெரிய பிரஸ்ஸில் ஒரு குண்டைக் கழற்றிவிட்டுச் சின்ன வேலை செய்யலாம். சிறிய பிரஸ்ஸில் பெரிய குண்டைப் பூட்டிப் பெரிய வேலை செய்ய முடியாது, செய்தால் உடல் வெடிக்கும். இரண்டுக்கும் நடுவில் தயங்கினால் பெரியதை எடுங்கள்.

அடுத்து, ஒரு சுற்றுக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். கையைச் சரியாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, இறங்குகட்டையின் அடியில் முன்னும் பின்னும் அளவுங்கள். 25 மி.மீ. அளவில்தான் இறங்குகிறது என்றால் அழுத்தம் கூடும், ஆனால் வேகம் வராது. சூடு ஆறிப்போகும். 50 மி.மீ. அல்லது அதற்கு மேல் என்றால் கம்மாலைக்கு நல்லது, அடித்ததும் கை தானாகத் துள்ளி மேலே வரும். திருகில் ஒன்றோடொன்று ஒட்டி ஓடும் புரிகள் இரண்டு, மூன்று, நாலு என்று இருக்கும். அவை கூடக்கூட ஒரு சுற்றின் இறக்கமும் கூடும்.

வளைவு வேலைக்கு அடி தேவையில்லை, இழுத்துப் பிடித்தால் போதும். கையின் நீளம் 50 சென்றிமீற்றர், சுற்றுக்கு 50 மி.மீ. இறக்கம், நீங்கள் இழுப்பது 30 கிலோ என்றால் கணக்கில் ஏறத்தாழ 1.9 தொன். உராய்வுக்கு மூன்றில் ஒரு பங்கைக் கழித்தாலும் ஒரு தொன்னுக்கு மேல் மிஞ்சும்.

வாயின் உயரமும் அச்சுத் துளையும்

புதிதாக வாங்குபவர் அதிகம் ஏமாறுவது வாயின் உயரத்தில். இறங்குகட்டையை முழுதாக மேலே ஏற்றி, அதன் அடியிலிருந்து மேசை வரை அளவுங்கள். அதற்குள் என்னென்ன நிற்க வேண்டும் என்று கூட்டிப் பாருங்கள். வெளியே நீட்டி நிற்கும் மேல் அச்சு 70, கீழ் அச்சும் அதன் தட்டும் 60, கோடரித் தலை 50, குறட்டோடு உள்ளே விட்டு எடுக்க 40. மொத்தம் 220 மி.மீ. இதற்குக் குறைந்தால் திருகு எவ்வளவு தடித்திருந்தாலும் கோடரி வேலைக்கு அது உதவாது. 250 இருந்தால் நிம்மதி.

வாயின் ஆழம், அதாவது இறங்குகட்டையின் நடுவிலிருந்து உடலின் உள் வளைவு வரை உள்ள தூரம், நம் வேலைகளுக்கு 150 மி.மீ. இருந்தால் போதும். நீண்ட கம்பியைப் பக்கவாட்டில் விட்டு எடுக்கலாமே.

இறங்குகட்டையில் அச்சின் தண்டு நுழையும் துளையை வேர்னியரால் அளவுங்கள். ஒரு அங்குலத் துளை 25.4 மி.மீ. மில்லிமீற்றர் கணக்கில் செய்ததில் 25. ஒரு அங்குலத் தண்டோடு பழைய அச்சுகளை மலிவாக வாங்கி வந்து 25 மி.மீ. துளையில் நுழைக்கப் போனால் நுழையாது. லேத்தில் கொடுத்துக் கடைய வேண்டிவரும். மாறி நடந்தால் 0.4 மி.மீ. ஆட்டம், ஒவ்வொரு அடியிலும் அச்சு சரியும். தண்டைப் பிடிக்கும் பூட்டாணி எதிர்ப்படும் இடத்தில் தண்டில் ஒரு சிறு குழி போடுங்கள். மழுமழுப்பான தண்டில் பூட்டாணி அதிர்வில் தளர்ந்து, அச்சு கையின் மேல் விழும்.

பழையதை எடுக்கும்போது

அரைவட்ட வாயின் உள் வளைவு, மேல் மூலையும் கீழ் மூலையும், முதலில் பார்க்க வேண்டிய இடம். பெயின்ற் அடித்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் சுரண்டச் சொல்லுங்கள். விற்பவர் மறுத்தால் வாங்க வேண்டாம். சுரண்டிய இடத்தில் மண்ணெண்ணெய் பூசி ஐந்து நிமிடம் விட்டு, காய்ந்த துணியால் நன்றாகத் துடைத்து, வெண்கட்டியைத் தேய்த்து வெள்ளையாக்குங்கள். கொஞ்ச நேரத்தில், வெடிப்பு இருந்தால், உள்ளே போன மண்ணெண்ணெய் ஊறி வெளியே வந்து வெள்ளையின் மேல் மயிரிழை போலக் கறுத்த கோடு காட்டும். வெடித்து, பித்தளையால் ஒட்டியதும் உண்டு. மஞ்சள் கோடு தெரிந்தால் அது சூட்டு வேலைக்கு ஆகாது.

பிறகு ஆட்டம். இறங்குகட்டையின் கீழே ஒரு கடப்பாரையைக் கொடுத்து மேலே நெம்புங்கள். 1 மி.மீ. அளவு மேல் கீழ் ஆட்டம் பழைய பிரஸ்ஸில் இயல்பு. 3 மி.மீ.ஐ நெருங்கினால் உள்ளே இருக்கும் வெண்கலச் சுரை, அதாவது திருகு சுற்றும் மரை, தேய்ந்துவிட்டது. பல புரிச் சுரையைப் புதிதாக வெட்டித் தரும் லேத்காரர் எளிதில் கிடைக்கமாட்டார், கிடைத்தாலும் செலவு பிரஸ்ஸின் விலையில் பெரும் பங்கு. பக்கவாட்டு ஆட்டத்துக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம். இறங்குகட்டையைப் பக்கங்களில் பிடித்து நேராக ஓடவிடும் வழித்தகடுகளின் ஆணியை இறுக்கினால் பெரும்பாலும் சரியாகும். மூலைமட்டத்தை மேசையில் வைத்து இறங்குகட்டை நேர்குத்தாக இறங்குகிறதா என்று இரண்டு பக்கமும் பாருங்கள். கடைசியாகத் திருகில் எண்ணெய் விட்டுக் கையை மெதுவாகத் தட்டுங்கள். நல்ல பிரஸ் ஓரிடத்திலும் சிக்காமல், ஒரே வேகத்தில் இறங்கும்.

திருகு 60 மி.மீ.ஐத் தாண்டினால் எடை பெரும்பாலும் 200 கிலோவுக்கு மேல் இருக்கும், அதுவும் பாரம் முழுக்க மேலே. கையையும் குண்டையும் கழற்றி, படுக்க வைத்து லொறியில் ஏற்றுங்கள். இறக்கச் சங்கிலிக் கப்பி வையுங்கள். நின்ற நிலையில் இறக்கிச் சரிந்தால் வார்ப்பிரும்பு வளையாது, உடையும்.

எங்கே, எதன் மேல்

கை சுற்றும் வட்டத்துக்கு இடம் முதலில். குண்டோடு சேர்த்து 1.2 முதல் 1.5 மீற்றர் விட்டம் வரும், அதுவும் ஒருவரின் நெஞ்சுக்கும் தலைக்கும் இடைப்பட்ட உயரத்தில். அந்த வட்டத்தைத் தரையில் பெயின்றால் வரையுங்கள், உள்ளே வேறு எவரும் நிற்கக்கூடாது. உலையிலிருந்து இரண்டு எட்டில் பிரஸ் இருக்க வேண்டும். நாலாவது எட்டில் மெல்லிய பட்டையின் சூடு போய்விடும்.

அடி விழும்போது பிரஸ் கீழே அழுத்துவது மட்டுமல்ல, கை சுற்றிய பக்கமாகத் தன்னையே முறுக்கவும் பார்க்கும். தரையில் பூட்டாத கால், நாளொன்றுக்குச் சில அங்குலம் நகரும். கல்லடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று கடலோர மணலில் உள்ளவர்கள் அகலமான அத்திவாரம் போட வேண்டும். 60 சென்றிமீற்றர் தோண்டி, கிரவல் போட்டு நன்றாக இடித்து இறுக்கி, அதன் மேல் 90க்கு 90, தடிப்பு 30 சென்றிமீற்றர் கொங்கிறீட். ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு என்ற கலவையில் ஒன்றரைப் பை சீமெந்து பிடிக்கும். 16 மி.மீ. வளைந்த ஆணி நாலை ஈரக் கொங்கிறீட்டிலேயே, பலகை மாதிரியில் துளையிட்டு நிறுத்தி விடுங்கள். ஏழு நாள் ஈரச்சாக்கு போட்டு நனைத்து, நாலு கிழமை கழித்து அடிக்கத் தொடங்குங்கள். படுவான்கரையிலும் சம்மாந்துறை வயல் பக்கத்திலும் களிமண் கோடையில் சுருங்கி மாரியில் ஊதும். அங்கே கொங்கிறீட்டுக்குக் கீழே 15 சென்றிமீற்றர் மணல் மெத்தை அவசியம். வெள்ளம் ஏறும் இடமானால் அத்திவாரத்தை நிலத்துக்கு மேல் 20 சென்றிமீற்றர் உயர்த்தி, இரும்புக் காலை அதற்கேற்பக் குறையுங்கள். மேசை நில மட்டத்திலிருந்து 75 முதல் 85 சென்றிமீற்றரில் நிற்கட்டும். குனியாமல் அச்சைப் பார்க்கும் உயரம் அது.

முதல் நாட்களில் வரும் பிழைகள்

சூட்டிரும்புக்கு முதல் ஈரக் களிமண்ணில் பழகுங்கள். குயவரின் களியை அச்சின் கீழ் வைத்து அடித்தால், இரும்பு எந்தப் பக்கம் ஓடும், அச்சு சரிந்திருக்கிறதா என்பதெல்லாம் களியில் அப்படியே தெரியும்.

திருகின் மேல் முனையில் நிறுத்துவளையம் இருந்தால், அச்சுகள் முட்டுவதற்கு 2 மி.மீ. முன்பே நிற்கும்படி அதை இறுக்குங்கள். இல்லாவிட்டால் மேசையில் இரண்டு பக்கமும் சம உயரத்தில் இரும்புக் கட்டை வையுங்கள். அதுவும் வெறும் அடியைத் தாங்க அல்ல, வேலை முடிந்து மிஞ்சும் சக்தியைத் தடுக்கத்தான். வெறும் வாயில் ஒருபோதும் அடிக்காதீர்கள்.

கண் போடும்போது எல்லோருக்கும் வரும் தொல்லை: துளை உளி இறங்கும், திரும்ப ஏறும்போது கோடரித் தலையும் கூடவே தொங்கிக்கொண்டு ஏறும். அதைத் தட்டி எடுப்பதற்குள் சூடு போய்விடும், உளியின் உரமும் இளகிவிடும். இதற்கு மேசையிலிருந்து இரண்டு காலில் நிற்கும் ஒரு கவைத்தகடு, 10 மி.மீ. தடிப்பில், உளி போகும் அளவு வாயோடு செய்து வையுங்கள். இரும்பு அதில் தடுத்து நிற்க, உளி மட்டும் ஏறும். உளி நுனி கொஞ்சம் சரிவாகக் கூம்பியிருக்கட்டும். முதல் அடியின் குழியில் ஒரு சிட்டிகை கரித்தூள் போட்டால் ஒட்டாது. இரண்டு செக்கனுக்கு மேல் உளியை உள்ளே விடவேண்டாம். முக்கால் ஆழம் ஒரு பக்கம், பிறகு திருப்பி, ஆறி கறுத்துத் தெரியும் வட்டத்தின் மேல் வைத்து மறுபக்கம். அப்போது சக்கை தெறித்துக் கீழே விழும். கீழ் அச்சில் அது விழத் துளை இருக்கட்டும்.

குளிர்ந்த தகட்டுக்குக் கீழ் அச்சின் துளை, உளியை விடத் தகட்டுத் தடிப்பில் பத்தில் ஒரு பங்கு பெரிதாக இருக்க வேண்டும். 3 மி.மீ. தகட்டுக்கு 0.3. இறுக்கமாக இருந்தால் உளி வெடிக்கும், தளர்வாக இருந்தால் துளையின் ஓரம் பிசிறடிக்கும்.

வேலையை எப்போதும் இறங்குகட்டையின் நடுவுக்கு நேரே வையுங்கள். ஓரத்தில் வைத்து அடித்தால் வழித்தகடு ஒரு பக்கம் தேய்ந்து, சில மாதத்தில் பிரஸ் சரிந்து அடிக்கத் தொடங்கும்.

திருகுக்குக் கிறீஸ் பூசும் வழக்கம் உண்டு. கம்மாலையில் அது வேண்டாம். இரும்புச் செதிலும் கரித்தூசும் கிறீஸில் ஒட்டி அரத்தூள் மாதிரி வெண்கலச் சுரையை அராவும். மெல்லிய எண்ணெய் நாளுக்கு இரண்டு முறை, வாரத்துக்கு ஒரு முறை மண்ணெண்ணெயால் கழுவல். உப்புக் காற்று அடிக்கும் கரையில் உள்ளவர்கள், மாரிக்கு முன் திருகின் வெளித் தெரியும் பகுதியில் எண்ணெய் தோய்த்த துணியைச் சுற்றி, மேலே பிளாஸ்ரிக் பை கட்டுங்கள்.

சாறனோடு நிற்பவர் அதை மடித்து இறுக்கிக் கட்டிக்கொள்ள வேண்டும், தோளில் துவாய் கூடாது. மாலையில் உலையை அணைத்ததும், இறங்குகட்டையை ஒரு வேப்பமரக் கட்டையின் மேல் இறக்கி, கையைச் சங்கிலியால் உடலோடு கட்டிப் பூட்டுப் போடுங்கள். நன்றாக எண்ணெய் விட்ட பிரஸ்ஸின் கையைப் பிள்ளையொன்று விளையாட்டாகத் தட்டினாலும் இறங்குகட்டை முழுப் பாரத்தோடு இறங்கும்.